அப்பா கையில் டம்ளர்

மிக்ஸி போடும் இரைச்சலில் வாசல் கதவு திறந்தது மகன், அவன் நண்பன் இருவர் காதிலும் விழவில்லை. மூடி பறந்துவிடாமல் நண்பன் தன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்திருக்கிறான். "வாழைப்பழம் போட்டாச்சுன்னா அப்புறம் அது ரம் இல்லடா, சத்து பானம்," என்கிறான். மகன் சிரித்தபடி விசையை அணைத்துத் திரும்பினால், சமையலறை வாசலில் அப்பா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நண்பன் ரம் பாட்டிலை ஒரு சீப்புப் பழத்துக்குப் பின்னால் தள்ளுகிறான். "என்னடா, மில்க் ஷேக்கா? எனக்கும் கொஞ்சம் குடு." கேட்ட கையோடு அவரே ஜாரைச் சாய்த்து டம்ளரை நிரப்பிக்கொள்கிறார். ஜன்னல் கம்பி வழியே வரும் சாயங்கால வெயிலில் இளமஞ்சள் நுரை ஒவ்வொரு குமிழாக உடைகிறது. திட்டும் அடியும் மகனுக்குப் பழகியவை. அவன் பயம் அவற்றுக்காக அல்ல. போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய நாளிலிருந்து அப்பா குடியைத் தொட்டதில்லை. டம்ளர் உதடுவரை போய், மூக்கருகே நின்றுவிடுகிறது. "அங்கிள், அது வந்து... பழம் கொஞ்சம் அழுகல்," என்கிறான் நண்பன். மகன் ஓர் அடி முன்னால் வருகிறான். "அப்பா, குடிக்காதீங்க. அதுல ரம் இருக்கு."

"தெரியுதுடா." ஆனால் அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. விரல்கள் இறுகி வெளுக்கின்றன. நுரை தளும்பி மணிக்கட்டில் வழிகிறது. கண்களை மூடிக்கொண்டு கையை மட்டும் மகன் பக்கம் நீட்டுகிறார். "என்னால வைக்க முடியல. நீ பிடுங்கிக்கோ."