பின்னால் மிதித்த மரகதம்

மேட்டுக் கொட்டகையில் மரகதம் என்று ஒரு பச்சை சைக்கிள் இருந்தது. அதன் பக்கத்தில் பவளம் என்று ஒரு சிவப்பு சைக்கிள் வந்து சேர்ந்தது. பவளத்துக்குக் கைப்பிடியில் பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் போதும், ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். போகிற வருகிற வண்டியெல்லாம் அதை வாய் பிளந்து பார்த்தன. மரகதத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. செயினில் விட்ட எண்ணெயே கொதித்துவிடும் போல இருந்தது.

"என்னடி பெரிய வித்தை? எனக்கும் பின்னால மிதிக்கத் தெரியும்."

"வேண்டாம்க்கா, உன் வாகு வேற," என்றது பவளம்.

"சொல்லிக் குடுக்க மனசில்லைன்னு சொல்லு!"

விடிந்ததும் மரகதம் தன் பிரேக் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாரும் பார்க்கச் சரிவில் இறங்கியது. பாதி வழியில் பெருமையாகப் பின்னால் மிதித்தது. கிரிகிரிகிரி என்று சத்தம்தான் வந்ததே தவிர, வேகம் குறையவில்லை. பயந்துபோய் இன்னும் மிதித்தது, இன்னும் கிரிகிரிகிரி. கடைசியில் வைக்கோல் போருக்குள் தலைகுப்புறச் சொருகிக்கொண்டது. பின்சக்கரம் மட்டும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தது.

பவளம் பதறி ஓடி வந்தது.

"ஆசை தீரச் சிரிச்சுட்டுப் போடி," என்றது மரகதம் வைக்கோலுக்குள்ளிருந்து.

பவளம் சிரிக்கவில்லை. சுற்றுகிற சக்கரத்தையே வெறித்துப் பார்த்தது.

"அந்தப் பாழாப்போன சத்தம் எனக்கு வரவே வராதுக்கா. வந்த நாள்லேருந்து வயிறு எரியுது," என்றது. "எங்கே, இன்னொரு தரம் மிதி."