மேலத்தெரு ஓட்டு

தொலைக்காட்சியில் வரிசை வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ஆரணி. திருவாடானை. அரவக்குறிச்சி.

அவருடைய ஊரைக் காட்டவில்லை.

ஊராட்சித் தேர்தலில், இரண்டாயிரம் ஓட்டு உள்ள ஊரை யார் காட்டுவார்கள்.

என்றாலும் காலையிலிருந்து அவர் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. முதுகைச் சாய்க்கவும் இல்லை.

சிங்கப்பூரில் பதினான்காவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு மகன் அழைத்து வந்து ஆறு வருடம். தொலைக்காட்சியை விட்டால் பகலில் அவர் காதில் விழும் ஒரே மனிதக் குரல், லிஃப்ட் கதவு திறக்கும்போது மாடியின் எண்ணைச் சொல்லும் பெண் குரல்தான்.

ஊரில் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி அவருடைய மகள்.

மகள் என்று அவர் வாயால் சொல்லிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

கீழத்தெருப் பையனை அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட அன்று, கோயில் வாசலில் சொந்தக்காரர்களைக் கூட்டி நிறுத்திச் சொன்னார். இனி இவள் மேலத்தெருவில் காலெடுத்து வைக்கக் கூடாது.

மேலத்தெரு முழுக்கப் பங்காளிகள். அவர் சொன்னதை அங்கே யாரும் தாண்டியதில்லை.

போன வாரம் யாரோ ஒரு சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். பூட்டு சாவி சின்னம். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

காதோரம் நரைத்திருந்தது.

ஓட்டுக் கேட்கிற முகம் சிரிக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தினமும் அவர் பார்க்கிற அதே முகம்.

இங்கே ஆறே முக்கால். ஊரில் நாலே கால். ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்துவிடும்.

கைபேசி அடித்தது. சித்தப்பா மகன் வைகுண்டம்.

“அண்ணே, சாப்ட்டீயளா?”

“விசயத்தச் சொல்லு.”

“நம்ம தெருவுல ஒருத்தரும் இன்னும் ஓட்டுப் போடப் போவலண்ணே. நாப்பத்திரண்டு ஓட்டு. பிள்ளைக்குப் போட்டா ஒங்க பேச்ச மீறுன மாதிரி. பிள்ளைக்கு எதுக்கப் போடவும் கை வர மாட்டேங்கு. எதிர்ப் பார்ட்டிக்காரன் கேலி பண்ணுதான். மேலத்தெருவுக்கே காய்ச்சலா, மாத்திரை வாங்கி அனுப்பவான்னு.”

போன முறை ஜெயித்தவன் முப்பது ஓட்டில் ஜெயித்தான். அது அவருக்குத் தெரியும்.

“எம் பேரச் சொல்லி ஓட்டுக் கேட்டாளோ?”

“எங்கண்ணே. ஊரு பூரா வீடு வீடா ஏறி எறங்குனா. நம்ம தெரு முக்கு வந்ததும் கொட்டு மேளத்த நிறுத்தச் சொல்லிட்டா. அங்கன நின்னு ஒரு கும்பிடு. அப்படியே திரும்பிப் போய்ட்டா.”

“ஏனாம்?”

“என்னண்ணே கேக்கீய. காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தார்.

தேர்தல் என்று வந்துவிட்டால் வெட்டுப்பழி உள்ளவன்கூட வாசலில் வந்து கும்பிடுவான். அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஜெயிக்க நாற்பத்திரண்டு ஓட்டு வேண்டியிருந்தும் ஒருத்தி தெரு முக்கில் நின்றுவிட்டாள்.

அந்தக் கோயில் வாசலில் அன்று தலை குனியாமல் நின்றவளும் அவள்தான்.

“அண்ணே? லைன்ல இருக்கீயளா?”

“அங்க மழையா?”

“மழையா? சுள்ளுன்னு வெயிலு.”

“பின்ன என்னத்துக்கு எல்லாரும் வீட்டுக்குள்ள கெடக்கீய?”

பதிலுக்குக் காத்திராமல் துண்டித்துவிட்டார்.

எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் நீட்டிய மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ மூங்கிலோடு உள்ளே இழுத்தார்கள்.

வைகுண்டம் மந்தமான ஆள். எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் பிடிபடும். வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். இன்னாருக்குப் போடுங்கள் என்று ஒரு சொல். அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரவில்லை.

ஊர் நேரம் நாலரைக்கு அவரே வைகுண்டத்தை அழைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வைகுண்டத்தின் மனைவிக்கு அடித்தார். எடுக்கவில்லை.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. மேலத்தெருவில் வடக்கேயிருந்து தெற்கே ஒவ்வொரு வீடாக நடந்துபோவது போல் ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். எந்த நேரத்திலும் இரண்டாவது மணிக்குள் எடுத்து “சொல்லுங்கண்ணே” என்பவர்கள். ஒருவரும் எடுக்கவில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தின ஒரு சொல்லுக்கு இன்றும் கட்டுப்படுகிறவர்கள். இன்றைய சொல் புரியாமல், இனி என்ன பேசுவது என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

அப்போதுதான் உறைத்தது. ஓட்டுச்சாவடிக்குள் கைபேசியை விடமாட்டார்கள். வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தெருக்கடைசி வீட்டில் பேச்சிமுத்து. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலோடு இருப்பவர். கைபேசி எப்போதும் அவர் தலைமாட்டில் கிடக்கும்.

அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

ஆளுக்கொரு பிடியாய்த் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இல்லை, ஆட்டோ வைத்திருப்பார்கள்.

ஊரில் நாலே முக்கால். இங்கே வீட்டில் விளக்குப் போட யாரும் இல்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.

வடக்கு வீட்டிலிருந்து மறுபடியும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார், யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று.