பேர் இல்லாத தட்டு

‘இவ ஏதோ தில்லுமுல்லு பண்றா!’

ஜன்னல் வழியாகப் பார்த்த கஸ்தூரியம்மாளுக்குப் பகீரென்றது. மாதர் சங்கக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. வள்ளியம்மாள் மட்டும் மேஜைமேல் குனிந்து, கண்ணாடித் தட்டின் அடியை ஈர முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் போட்டு வள்ளி சோப்பு செய்கிறாள். நெய்வேலி குவார்ட்டர்ஸ் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு அதை மாதாமாதம் வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தலைவி கஸ்தூரியம்மாள்தான் மறித்தாள்.

“மைன்ஸ் கான்ட்ராக்ட்ல கரி அள்ளுறவன் பொண்டாட்டி. அவ நகத்தைப் பாருங்க! முதல்ல அந்தக் கையைச் சோதிக்கணும்.”

“அப்ப உங்க கையும் வேணும் ஆன்ட்டி. ஒப்பிட்டுப் பார்க்கணும்ல?” என்றாள் இளவேனில். கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுப்பவள்.

“தாராளமா!”

கிருமி வளர்வதற்கென்றே கூழ் ஊற்றிய தட்டுகளில் இருவரும் விரல் பதித்தார்கள். சோப்பு போடுவதற்கு முன் ஒன்று, போட்ட பின் ஒன்று. அடியில் இளவேனில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து, இன்று முடிவு.

கூட்டம் சேர்ந்ததும் இளவேனில் தட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். சோப்பு போட்ட பின் வைத்த இரண்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். முன்னால் வைத்ததில் ஒன்று பரவாயில்லை. இன்னொன்றில் ஊசி குத்த இடமில்லாமல் கிருமி மண்டிக் கிடந்தது.

“உவ்வே! யார் கை இது?”

இளவேனில் திருப்பினாள். பெயர் இல்லை. கிருமி குறைவாக இருந்த தட்டிலும் இல்லை.

கஸ்தூரியம்மாள் எழுந்தாள். “வள்ளி முந்தானையால அழிச்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க!”

இளவேனில் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். வள்ளி அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ரெண்டு பேரும் கூட்டா? கஸ்தூரியம்மாளின் சந்தேகம் இன்னும் வலுத்தது.

“நாந்தாங்க அழிச்சேன்” என்றாள் வள்ளி.

“ஏன்? அழுக்குக் கை உன்னுதுன்னு தெரிஞ்சுடும்னுதானே?”

“அப்படியே வெச்சிக்குங்கம்மா. அந்தக் கையைக்கூட சோப்பு சுத்தம் பண்ணிடுச்சிங்களே.”

“ஏமாத்துக்காரி செஞ்ச சோப்பைப் பச்சைப் புள்ளைங்க உடம்புல தேய்க்கவா? வேணாம், எடுத்துட்டுப் போ!”

வள்ளி சோப்புப் பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு இளவேனில் கஸ்தூரியம்மாளின் பக்கத்தில் வந்தாள்.

“நாலு பேர் முன்னாடி சொல்லாதன்னு வள்ளிக்கா கண்ணாலயே கெஞ்சினாங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன். காலையில இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரெக்கார்டுக்காக இந்தத் தட்டுகளை போட்டோ எடுத்தேன் ஆன்ட்டி.”

“அதுக்கென்ன?”

“அவங்க அழிச்சதைத்தான் நீங்க பார்த்தீங்க. எதை அழிச்சாங்கன்னு பாருங்க.”

செல்போனை நீட்டினாள்.

கிருமி மண்டிய தட்டின் அடியில், கொட்டை எழுத்தில், ‘கஸ்தூரி’ என்று இருந்தது.