முதல் அச்சு

"இந்த வூட்டு மானத்தையே உளியால சீவிட்டியேம்மா! யாரைக் கேட்டுச் செஞ்ச?"

ஜெயவேலுவின் குரல் தெருமுனை வரை கேட்டது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் துளசிப் பொட்டலம் அப்படியே இருந்தது. பூஜை அலமாரியில் தாத்தாவின் மரமுத்திரையைக் காணோம் என்றதும் நேராக மருமகள் தீபாவிடம் வந்திருந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் நீள மேசை போட்டு, தீபா துணியில் மர அச்சுக் குத்துவாள். துப்பட்டா, தலையணை உறை, மேசை விரிப்பு. ஏர் பூட்டி நாலு பேருக்குச் சோறு போட்ட குடும்பத்துக்கு இது தேவையா என்று அவர் முதல் நாளே கேட்டார். மகன் முகிலன் கெஞ்சியதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

இன்று அதே மேசையில், நீலச் சாயத் தட்டுக்குப் பக்கத்தில், அந்த முத்திரை கிடந்தது. உள்ளங்கை அகலப் பலாக்கட்டை. எழுபது எண்பது வருட எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்திருந்ததை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டியிருந்தாள். மேலே செதுக்கியிருந்த நெற்கதிர் பளிச்சென்று தெரிந்தது. கதிருக்குக் கீழே இருந்த எழுத்து வரியைத்தான் காணோம். மழமழவென்று சீவப்பட்டிருந்தது.

"கதிர் அழகா இருந்துச்சு மாமா. ஒரு துப்பட்டாவுல போட்டுப் பார்க்கலாம்னு எடுத்தேன். எழுத்து சரியா விழல. அதான்..." தீபா நிமிரவே இல்லை.

"விழலன்னா இருந்த இடத்துல வெச்சுட்டுப் போறது. சீவி எறியவா சொன்னாங்க? அது எங்க தாத்தா பேரு! முனுசாமின்னு பேரைச் சொன்னா ஏரிக்கரையே எழுந்து நிக்கும்!"

"இன்னாண்ணா, காலையிலயே இடி இடிக்குது?"

கேட்டைத் திறந்துகொண்டு பாலு வந்தார். பொன்னியம்மன் கோவில் கமிட்டித் தலைவர். கையில் ஆடித் திருவிழா நோட்டீஸ் கட்டு.

"வா பாலு, நல்ல நேரத்துலதான் வந்த. நீயே ஞாயம் சொல்லு."

"நான் முதல் மரியாதைக்கு உங்களை அழைக்க வந்தேன். அப்படியே கோவில் வெளக்குக்கு எண்ணெய்க் காசும் கேட்டுட்டுப் போலாம்னு. அம்மனுக்கும் அந்தக் காலத்துல நெலம் இருந்துச்சாம், எது எங்க போச்சுன்னு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்ல. வூடு வூடா ஏறி எறங்குறேன்."

"வெச்சிருந்தவன் ஒழுங்கா வெச்சிருக்கணும்! எங்க வூட்டைப் பாரு. இது இன்னா தெரியுமா? களத்து முத்திரை. நெல்லு அடிச்சு அம்பாரம் குவிச்சதும், மேல ஈரக் களிமண்ணை அப்பி இதால குறி வைப்பாங்க. ஒரு புடி நெல்லு எவன் அள்ளினாலும் குறி கலைஞ்சி காட்டிக் குடுத்துடும். குறி யாருதோ, நெல்லு அவங்களுது. நெல்லு யாருதோ, நெலம் அவங்களுது. அந்த நெலத்துலதான் இந்த வூடு நிக்குது, பின்னாடி அந்த அபார்ட்மென்ட்டும் நிக்குது!"

"நீங்க குறி வெச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னயே நின்னு போச்சு. எங்கப்பா சொல்லுவாரு. பூஜையில வெச்சுப் பொட்டு வை, படிக்கணும்னு அவசியமில்லம்பாரு."

பாலு கட்டையை வாங்கித் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கட்டையில எழுத்து திருப்பித்தானே இருக்கும், எவன் படிப்பான்? போனது போச்சு, வுடுங்க."

"எப்படி வுடுறது? பேரைச் சீவிட்டா, நாளைக்கு எவன்னா வந்து இது உன் வூட்டு முத்திரையான்னு கேட்டா நான் இன்னாத்தைக் காட்டுறது?" சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினார். "எந்த அச்சு வந்தாலும் முதல் குத்தைத் தனித்துணியில எடுத்துத் தேதி போட்டு வெப்பியே. இதுக்கும் எடுத்திருப்ப. எங்க அது?"

தீபாவின் கை இடுப்பில் செருகியிருந்த முந்தானைக்குப் போனது. "கறையாயிடுச்சு, மாமா. வேணாம்."

"இப்ப எடுக்கல, இந்த வூட்ல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். உன் மேசையும் இன்னியோட தெருவுல!"

"மேசையை எடுத்துடறேன் மாமா. இனிமே அச்சே குத்தல. அது மட்டும் வேணாம்."

"பார்த்தியா பாலு, எவ்ளோ நெஞ்சழுத்தம்!"

"குடுத்துடும்மா, பெரியவர் சொல்றாரில்ல" என்றார் பாலு.

அவள் முந்தானையை அவிழ்த்து, நாலாக மடித்த காடாத் துணியை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "உள்ள போய்த் தனியா பாருங்க மாமா. உங்க கால்ல விழறேன்."

"தனியா பார்க்க நான் திருடனா? எங்க தாத்தா பேரு நாலு பேர் முன்னாடி வாழ்ந்த பேரு. நாலு பேர் முன்னாடிதான் படிப்பேன்!"

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். மாடியிலிருந்தும் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அதுவும் நல்லதுதான் என்று பட்டது ஜெயவேலுவுக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாலுவும் பார்க்கட்டும் என்று துணியை வெயிலில் உயர்த்திப் பிடித்தார்.

எழுத்து சரியாக விழவில்லையாம். ஒரு புள்ளி கூடக் கலையாமல், கதிருக்குக் கீழே நீல நிறத்தில் அச்சு அத்தனை திருத்தமாக விழுந்திருந்தது. தெருவே கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து ஜெயவேலு படித்தார்:

"பொன்னியம்மன்... கோவில்... நெல்."