முதுகில் ஒரு சிங்கம்

"இன்னும் எரியுதா?" என்று கேட்டாள் மீனாம்பாள்.

"நெருப்பை வச்ச மாதிரி எரியுதும்மா" என்றார் ஜம்புலிங்கம். சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவள் தடவித் தடவி வந்து பின்னால் உட்கார்ந்தாள். கொட்டாங்குச்சியில் காவி குழையும் சத்தம் கேட்டது. பிறகு அவள் இடது கை அவர் தோளில் ஊன்றியது. வலது கையிலிருந்த கோழி இறகு, விலாவின் மேல் சில்லென்று கோடு இழுத்தது.

அக்கி கண்ட உடம்பில் சிங்கம் எழுதினால் சூடு தணியும் என்பது ஊர் நம்பிக்கை. குயவர் வீட்டில்தான் எழுதுவார்கள். காசு வாங்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கு போதும். நாலைந்து தரம் எழுதினால் தீர்ந்தது. ஜம்புலிங்கம் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்.

உண்மையில் எரியவில்லை. பொருக்கு உதிர்ந்து, தோல் எப்போதோ சரியாகிவிட்டது.

அக்கி வந்ததும் மெஸ்ஸில் அவர் தட்டை மூலைக்குத் தள்ளினார்கள். அவர் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் தோஸ்த் ஹபீப்கூட, டீ கிளாஸைத் தரையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினான். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விளங்கச் சொன்னார்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சில்ல? அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது. நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்து, உடம்பு தளர்ந்தா எழுந்து வரும். கொப்புளம் இருக்கிற வரைக்கும் கைக்குழந்தை, மாசமா இருக்கிறவங்க கிட்ட போகாதீங்க. பொருக்கு தட்டிடுச்சுன்னா யாருக்கும் ஒட்டாது. எரிச்சல் மட்டும் சிலருக்கு மாசக்கணக்குல நிக்கும்."

இதை மெஸ்ஸில் அப்படியே ஒப்பித்துப் பார்த்தார். "அப்படியா?" என்றார்கள். தட்டு மூலையிலேயே இருந்தது.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தையைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவி போன பிறகு அவர் மேல் பட்ட ஒரே கை, இப்போது தோளில் இருக்கும் இந்தக் கைதான். ஆறிவிட்டது என்று தெரிந்தால், நாளைக்கு இந்தப் படியேற என்ன காரணம் சொல்வது? புருஷன் இல்லாத பெண்ணின் வீட்டுக்கு, ஒண்டிக்கட்டை ஆம்பளை சும்மா வரமுடியுமா?

நல்லவேளையாக மீனாம்பாளுக்குக் கண்ணில் புரை. ஆள் யாரென்பதே குரலை வைத்துத்தான். நடுவில் தங்கச்சியைப் பார்க்கக் குடியாத்தம் போனவள் ஒரு மாதம் போலத் தங்கிவிட்டாள். அதற்குள் அக்கி ஆறிவிட்டது. அவள் திரும்பி வந்த அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்த பொய், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

"காதுக்குப் பின்னால நீலம் ஒட்டினு இருக்குது. ஷாப்புலேர்ந்து நேரா வந்துட்டீங்களா?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தோல் ஊறும் தொட்டியின் சாயம். அவருக்குக் கூசியது. "நாறுதாம்மா?"

"நான் சூளைப் புகையில வளந்தவ. எனக்கு இன்னா நாத்தம்?"

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, முறம் இருந்தா குடு" என்றபடி பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயே! இன்னாக்கா இது? அக்கி எங்க கீது? முதுகு புதுச்சட்டி மாதிரி வழவழன்னு இருக்குது! இவரும் எரியுதுன்றாரு, நீயும் எழுதினே இருக்குற. என் வூட்டுக்காரருக்கு மூட்டு வலி, அதுக்கும் ஒரு சிங்கம் எழுதி அனுப்பேன்!"

ஜம்புலிங்கம் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளார நரம்புல எரியும்டி. டாக்டரே சொல்லியிருக்காங்களாம்" என்றாள் மீனாம்பாள். "முறம் பின்கட்டுல கீது. எடுத்துனு நடையைக் கட்டு."

அமிர்தவள்ளியின் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

தோளில் இருந்த கை எடுபடவில்லை. இறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கண் தெரியாதவள் அவருடைய பொய்க்காக அடுத்தவளிடம் வாதாடுகிறாளே!

"அம்மா, அவங்க சொன்னது நெஜம்" என்றார். "எனக்கு எரியலை. ஆறிப்போய் ரொம்ப நாளாச்சு. உங்களுக்குப் பார்வை கம்மின்னுதான் ஏமாத்திட்டேன். இனிமே வரமாட்டேன்."

ஈரக் காவியின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் ஒரு கும்பிடாவது போடலாம் என்று திரும்பினார்.

மீனாம்பாளின் மூக்கின் மேல் ஒரு கண்ணாடி இருந்தது. புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பெரிது பெரிதாய் இரண்டு கண்கள் அவரை நேராகப் பார்த்தன. அதைக் கழற்றி மறைக்க அவள் அவசரப்படவில்லை.

"குடியாத்தத்துலேர்ந்து வந்த அன்னிக்கே பாத்துட்டேன். சட்டையைக் கழட்டுங்க, இன்னும் வால் எழுதலை."