நின்று போகிற கடிகாரம்

மணி என்ன என்று சிஸ்டர் கேட்டதும் அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

கையில் கடிகாரம் இருந்தது. அவனே வடிவமைத்தது. பார்க்க அவ்வளவு அழகு. மணி மட்டும் சட்டென்று தெரியாது.

"மூணுங்க."

பெஞ்சில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த சுகந்தி சிரித்துவிட்டாள். இருபத்துமூன்று நாளில் முதல் முறையாக மனைவி சிரிப்பதைப் பார்த்தான்.

சிஸ்டர் கிரேஸி சிரிக்கவில்லை. "வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டிருங்க சார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க."

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் நேற்று வரை சுகந்திதான் போனாள். தினமும் ஒரு மணி நேரம் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவோ அப்பாவோ. இன்று காலை அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரர்களை உள்ளே விடமாட்டார்கள்.

அவன் இதுவரை குழந்தையைத் தொட்டதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கேட்டால் வேலை இருக்கிறது என்பான்.

வேலை இருந்தது உண்மைதான். கண்காட்சிக்கு ஒரு மாதிரிக் கடிகாரம் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. விற்பதற்கு இல்லை, இப்படியும் ஒரு கடிகாரம் இருக்கலாம் என்று காட்டுவதற்கு. இதுவரை யாரும் யோசிக்காததாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து முப்பத்தொரு படம் வரைந்தான். எல்லாவற்றிலும் பழக்கதோஷத்தில் முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்திலேயே நிறுத்தியிருந்தான். விளம்பரக் கடிகாரம் எல்லாம் காட்டுகிற அதே நேரம். ஒன்றுகூடத் தேறவில்லை.

வேலையைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே சட்டைப் பட்டன்களைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் 'பேபி ஆஃப் சுகந்தி' என்று ஓர் அட்டை. சிஸ்டர் இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து, அவன் நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்.

ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம்.

கனம் தெரியவில்லை. சூடு தெரிந்தது.

தொழில் புத்தி எங்கே போகும். துண்டுக்கு வெளியே தெரிந்த குட்டி மணிக்கட்டைக் கண்ணாலேயே அளந்தான். பதினோரு மில்லிமீட்டர். அந்தக் கைக்கு ஏற்ற பட்டை எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

மூச்சு அவன் தோலில் பட்டது. எண்ண ஆரம்பித்தான்.

நாற்பது வரை வந்தான்.

நாற்பத்தொன்று வரவில்லை.

காத்திருந்தான். வரவில்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. மானிட்டர் கத்தியது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிஸ்டரின் இரண்டு கையும் அடுத்த பெட்டிக்குள் இருந்தன. அங்கிருந்தே சொன்னார்.

"மூச்சு விட மறந்துட்டா சார். முதுகைத் தடவுங்க. தொட்டா ஞாபகம் வந்துரும்."

அவன் அசையவில்லை.

"தொடுங்க சார்!"

தொட்டான்.

இரண்டு விரலால், கழுத்திலிருந்து கீழே. மறுபடியும் மேலே.

ஒரு நொடி.

இன்னொரு நொடி.

விரலுக்கடியில் முதுகு எழும்பியது. மானிட்டர் அடங்கியது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிஸ்டர் வந்து நின்று எண்களைப் பார்த்தார். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "குறைமாசத்துப் புள்ளைங்க இப்படித்தான். வளர வளரச் சரியாயிரும். நேத்து அவங்கம்மாகிட்ட இருக்கறப்ப மூணு தடவை மறந்தா."

மூன்று தடவை.

நேற்று சாயங்காலம் சுகந்தி வெளியே வந்து, "நல்லாத் தூங்குனா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவன் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒரு கை குழந்தையின் அடியில் இருந்தது, இன்னொன்று முதுகில். அந்த இரண்டு விரலை அதன்பிறகு அவன் எடுக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் சிஸ்டர்தான் வந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தவன் பெஞ்சில் சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து பென்சிலை எடுத்து, மருந்துச் சீட்டைத் திருப்பி வைத்து, ஒரு வட்டம் போட்டான். எண்கள் இல்லை. சின்ன முள், பெரிய முள் இரண்டும் இல்லை. மெல்லிய நொடிமுள் ஒன்று மட்டும்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"மணியே காணோமேங்க இதுல?"

"மணி காட்டாது. சும்மா ஓடிட்டிருக்கும். நடுவுல எப்பவாவது தானா நின்னுரும்."

"நின்னு போற கடிகாரமா? கம்பெனில சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்." சீட்டின் ஓரத்தில் கடிகாரத்தின் அடிப்பக்கத்தையும் வரைந்தான். அதன் மேல் இரண்டு விரல்கள். "இங்க தொட்டா மறுபடியும் ஓடும்."

சுகந்தி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் கையில் காய்ச்சல் சுட்டது.

"தொடலீன்னா?"

"தொடுவோம்" என்றான்.