மூன்றாவது பிஸ்டன்

“மாப்பிள்ளையும் வந்துரட்டுமேங்க. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டே கார் எஞ்சினைப் பிரிச்சுக்கலாம்,” என்றார் மெக்கானிக் அருணகிரி.

“அவன் வரமாட்டானுங் தம்பி. நீங்க பிரிங்க,” என்றார் பெரியசாமி.

மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அருணகிரி வேலையில் இறங்கினார்.

அந்தக் காரின் கதை சேந்தமங்கலம் முழுக்கத் தெரிந்ததுதான். போன வாரம் பெரியசாமியின் மகள் கோகிலவாணியைக் காட்டில் பாம்பு கடித்தது. புருஷன் தனசேகர் இந்தக் காரில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பாதி வழியில் எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் பெரியசாமி சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது.

பிள்ளை இல்லாதவளைத் தீர்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டத்தான் வேண்டுமென்றே வழியில் நிறுத்தினான் என்று ஊர் பேசியது. தனசேகர் தலையில் அடித்துக்கொண்டான். நேற்று அவனே காரை இழுத்து வந்து பட்டறையில் விட்டு, மாமனாரை நிற்க வைத்துப் பிரிக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டும் அடியிலிருந்த ஆயில் சம்பும் கழன்றன. அருணகிரி அடியில் படுத்து, பிஸ்டன்களைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளில் அடையாளம் குத்திக் கழற்றினார். சுத்தியல் காம்பால் கீழிருந்து தள்ளினார். முதல் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. இரண்டாவதும் அப்படியே.

“நல்லாத்தானே இருக்குது?” பெரியசாமியின் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மூன்றாவது லேசில் வரவில்லை. கட்டை வைத்துத் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அருணகிரி அதைத் துணியால் துடைத்தார். பக்கவாட்டில் அரம் போட்டு இழுத்ததுபோல் கீறல்கள். அலுமினியம் உருகி ரிங்குகளை மூடியிருந்தது.

“தண்ணி ஹோஸ் வெடிச்சு வண்டி கொதிச்சிருக்குதுங்க. சூட்டுல பிஸ்டன் பெருத்து சிலிண்டரைக் கவ்விக்கும். அந்நேரம் யாரு திருப்புனாலும் அசையாது. ஆறுனா தானா உட்டுரும். அதனாலதான் மறுநாள் உங்களுக்கு ஸ்டார்ட் ஆயிருக்குது.”

பெரியசாமி பிஸ்டனை வாங்கிக் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

“இதையேதானுங் அவனும் சொன்னான். ‘பிரிச்சுப் பாருங்க மாமா, பிரிச்சுப் பாருங்க’ன்னு.”

“அப்புறமென்னங்க. அவரு பொய் சொல்லலை. போலீஸு கேஸுன்னு போற நெனப்பு இருந்தா இத்தோட உட்டுருங்க.”

பெரியசாமி பிஸ்டனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“போய்த்தானுங் தம்பி ஆகணும். காலைல அவனைக் கெணத்து மேட்டுல வெட்டிப் போட்டுட்டுத்தான் இங்க வந்தேன்.”